ஏல வியாபாரிகளின் 'நாக்அவுட்': பொருள் என்ன, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

தேன்மொழி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறு இதழுக்காக கார்ட்டெல் (போட்டியாளர்கள் ரகசியமாகச் சேரும் கூட்டு) பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விலை நிர்ணயம், சந்தைப் பங்கீடு எல்லாவற்றையும் எப்படியோ தாண்டி வந்துவிட்டேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அமெரிக்காவில் அஞ்சல்தலை வியாபாரிகள் 11 பேர் கூட்டுச் சேர்ந்து, ஏலங்களில் தங்களுக்குள் போட்டியில்லாமல் வாங்கியிருக்கிறார்கள். 1997 வரை, பதினைந்து ஆண்டுக்கும் மேலாக இது நடந்திருக்கிறது. அதை விளக்கும், நான் மொழிபெயர்க்க வேண்டிய ஆங்கிலப் பத்தியில் 'நாக்அவுட்' என்ற சொல் ஏழெட்டு முறை வருகிறது. "நாக்அவுட்டில் யார் அதிகம் எழுதினாரோ அவருக்கே சரக்கு" என்கிற மாதிரி. எனக்குத் தெரிந்த நாக்அவுட் எல்லாம் குத்துச்சண்டையும் உலகக் கோப்பைக் காலிறுதியும்தான். 'வெளியேற்றச் சுற்று' என்று முதலில் போட்டேன். திரும்பப் படித்தபோது யார் யாரை வெளியேற்றுகிறார்கள் என்று எனக்கே விளங்கவில்லை.

இதற்குச் சரியான பொருள் என்ன? தமிழில் ஏற்கெனவே ஏதாவது சொல் புழக்கத்தில் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

குத்துச்சண்டையை மறந்துவிடுங்கள் அம்மா. இது ஏலக் கொட்டகைச் சொல். ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டிப் பொருளை ஒருவருக்கு முடிப்பதையும் ஆங்கிலத்தில் 'நாக்டவுன்' என்பார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் சிலர் முன்கூட்டியே பேசிவைத்து, "நம்மில் ஒருவர் மட்டும் கேட்போம், மற்றவர்கள் வாய் திறக்க வேண்டாம்" என்று முடிவு செய்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ரிங்' என்று பெயர். நம் ஊரில் 'சிண்டிகேட்' என்று சொல்லிவிடுவோம். போட்டி இல்லாததால் பொருள் மலிவாக அவர்கள் கைக்கு வந்துவிடும். வந்த பிறகு யார் வீட்டுக்குப் போவது? எல்லோருக்கும் அது வேண்டும். அதனால் வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் தங்களுக்குள் இன்னொரு ஏலம் வைக்கிறார்கள். அந்த இரண்டாவது ஏலத்துக்குப் பெயர்தான் நாக்அவுட். 'செட்டில்மென்ட்' என்றும் சொல்வதுண்டு.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பழைய வெண்கல விளக்கு ஏலத்துக்கு வருகிறது. கூட்டில் ஐந்து பேர். ஒருவர் மட்டும் கேட்டு 40,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டார். பிறகு ஐவரும் தனியாக உட்கார்ந்து கேட்கிறார்கள். 70,000-த்தில் ஒருவரிடம் நிற்கிறது. 70,000-த்தில் 40,000 போக மீதி 30,000. அதை ஐந்தாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 6,000. விளக்கை எடுத்தவருக்கு அவர் பங்கும் திரும்பி வருவதால் நிகரச் செலவு 64,000. மற்ற நால்வரும் ஒரு பொருளும் வாங்காமல், ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஆளுக்கு 6,000 எடுத்துப் போகிறார்கள். விளக்கை விற்ற குடும்பத்துக்குக் கிடைத்தது 40,000 மட்டும்.

சிண்டிகேட் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விற்றவருக்கு வர வேண்டிய பணம் எந்த இடத்தில் ரூபாயாக மாறிப் பங்கு பிரிகிறது என்பதைக் காட்டுவது இந்த நாக்அவுட்தான். தனிச்சொல் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்.

சிறுமலை:

பெயர் தெரியாமலேயே இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பொதுப் புளியமரங்கள் உண்டு. வருடா வருடம் மகசூலை ஏலம் விடுவார்கள். ஊர்க் கணக்கு அப்பாவிடம் இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். முந்தைய வருடம் 58,000-க்குப் போன மரங்கள். அந்த வருடம் காய்ப்பு நன்றாகவே இருந்தது. டேவணி (ஏலத்தில் கேட்க முன்பணம்) கட்டியவர்கள் நான்கு பேர். ஆரம்ப விலைக்கு மேல் ஒருவர் இரண்டு முறை கேட்டார், மற்ற மூன்று பேரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். 41,000-த்தில் முடிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் வெற்றிலை வாங்கி வர என்னை பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டீக்கடைப் பின்பக்கத்துப் பெஞ்சில் அந்த நால்வரும் இருந்தார்கள். சிகரெட் அட்டையைப் பிரித்து நான்காகக் கிழித்து, ஆளுக்கொரு துண்டில் எழுதி மடித்து, மூத்தவர் கையில் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார். கடைசித் துண்டைப் பார்த்துவிட்டு "அறுபத்தேழு" என்றார். உடனே ஒருவர் மடியிலிருந்து பணக்கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தார். ஏலத்தில் கேட்டவர் வேறு ஆள், பணம் எண்ணியவர் வேறு ஆள். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அறுபத்தேழா?" என்று ஒரு முறை கேட்டார், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் கண்மாய் மடைக் கதவு மாற்றுவதாக இருந்தார்கள். அந்த வருடம் மாற்றவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைப் படித்ததும் அந்தப் பெஞ்ச் அப்படியே கண்முன் வந்துவிட்டது.

நெய்தல்:

சிறுமலை அண்ணா சொன்னது அச்சு அசலான நாக்அவுட். பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

மொழிபெயர்ப்புக்கு 'மறு ஏலம்' சரிவருமா? ஏற்கெனவே ஏலம் போன பொருளை மறுபடி ஏலம் விடுவதுதானே.

அலமேலு (வழக்கறிஞர்):

'மறு ஏலம்' வேண்டாம் தம்பி. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஏலம் எடுத்தவர் மீதித் தொகையைக் கட்டத் தவறினாலோ, கேட்க ஆளே வராமல் போனாலோ, அதிகாரி மறுபடி அறிவிப்புக் கொடுத்து நடத்துவது மறு ஏலம். வங்கி அறிவிப்பிலும் ஊராட்சி அறிவிப்பிலும் அந்தப் பொருளில்தான் வருகிறது. அது பகிரங்கமாக நடப்பது, இது ஒளித்து நடப்பது. வாசகர் குழம்பிவிடுவார்.

வசந்தா:

நான் படித்தது வேறு, பொருளாதாரம் இல்லை. ஆனால் இருபது வருடமாக ஏலச்சீட்டு போடுகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா போட்ட கணக்கைப் பார்த்தவுடன் சீட்டுக் கழிவு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது.

சீட்டில் ஒரு லட்சத்தை யாரோ 22,000 தள்ளி எடுக்கிறார். நடத்துபவர் கமிஷன் போக மீதியை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். அவசரம் உள்ளவர் பணத்தை எடுக்கிறார், காத்திருக்கிறவர்களுக்குக் கழிவு. நாக்அவுட்டிலும் பொருளை அதிகம் விரும்புகிறவர் எடுக்கிறார், விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பங்கு. சரிதானே?

கணக்குப்பிள்ளை:

வடிவம் அதேதான். நல்ல பிடி பிடித்தீர்கள் வசந்தா அம்மா. 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தில் இந்தக் கழிவுக்கு முதலில் ஆங்கிலத்தில் 'டிவிடெண்ட்' என்றே பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் 'தள்ளுபடியின் பங்கு' என்ற பொருளில் மாற்றினார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை விடக்கூடாது. சீட்டில் நீங்கள் பங்கு போடுவது உங்களுடைய பணத்தை. எடுப்பவர் தன் அவசரத்துக்குத் தானே விட்டுக்கொடுத்த தொகை அது, எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாக்அவுட்டில் பங்கு போடுவது அந்த இடத்தில் இல்லாத ஒருவருடைய பணத்தை. சிறுமலை ஊரில் அது மடைக் கதவுப் பணம்.

தேன்மொழி:

சீட்டு உவமையைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாமா வசந்தா அக்கா? படிப்பவர்களுக்கு உடனே புரியும்.

சொல்லுக்கு இப்போது என் மனதில் இருப்பவை: பின் ஏலம், இரண்டாம் ஏலம், கள்ள ஏலம். எதை எடுப்பது?

நெய்தல்:

'பின்', 'இரண்டாம்' இரண்டும் உங்கள் கட்டுரையிலேயே உதைக்கும் அக்கா. நீங்கள் மொழிபெயர்க்கும் அந்த அஞ்சல்தலைக் கூட்டம் நாக்அவுட்டை ஏலத்துக்கு முன்பே நடத்தியது.

ஜான் ஆஸ்கர் என்ற பொருளாதார அறிஞர் 2010-இல் அந்தக் கூட்டத்தின் உள்கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நடந்தது இதுதான். ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு வியாபாரியும் எந்தெந்த லாட் (ஒன்றாக ஏலம் விடப்படும் தொகுதி) வேண்டும், எவ்வளவு வரை தருவேன் என்று எழுதி ஓர் ஆளிடம் கொடுப்பார்கள். அந்த ஆள் அஞ்சல்தலை வியாபாரி இல்லை, கூட்டம் வேலைக்கு வைத்திருந்த வாடகைக் கார் ஓட்டுநர். அவர் எல்லாவற்றையும் தொகுத்து, ஒவ்வொரு லாட்டுக்கும் அதிகம் எழுதியவர் யார் என்று பார்ப்பார். பிறகு கூட்டத்தின் சார்பில் ஒருவர் ஏலத்துக்குப் போய் அந்தத் தொகை வரை கேட்பார். மலிவாகக் கிடைத்துவிட்டால், ஏல விலையைவிட அதிகமாக எழுதியிருந்த மற்றவர்களுக்குப் பங்கு போகும். எல்லோருக்கும் இல்லை, உண்மையிலேயே கேட்டிருக்கக்கூடியவர்களுக்கு மட்டும். கணக்கு அவ்வப்போது மொத்தமாகத் தீர்க்கப்படும்.

புளியமரத்தில் ஏலம் முதலில், உள்ளே பேசுவது பிறகு. அஞ்சல்தலையில் உள்ளே பேசுவது முதலில், ஏலம் பிறகு. இரண்டும் நாக்அவுட். வரிசையைச் சொல்லும் சொல் எதுவும் இரண்டுக்கும் பொருந்தாது.

அலமேலு (வழக்கறிஞர்):

'கள்ள ஏலம்' பற்றி என் பங்குக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு காரணங்களுக்காக நான் எடுக்க மாட்டேன்.

ஒன்று, ஏலத்தில் கள்ளத்தனம் விற்பவர் பக்கமும் உண்டு. விலையை ஏற்றுவதற்காக விற்பவரே தன் ஆளை விட்டுப் பொய்யாகக் கேட்க வைப்பது. நம் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு, அப்படி நடந்தால் விற்பனையை வாங்கியவர் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது. 'கள்ள ஏலம்' என்றால் பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று கொஞ்சம் நீண்ட கதை. நாக்அவுட் எல்லாக் காலத்திலும் சட்டவிரோதமாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் முதல் உலகப் போர் முடிந்தபின் அரசு தன் உபரிச் சரக்கை ஏலம் விட்டது. ஒரு ஏலத்துக்கு முன்னால் இரண்டு வியாபாரிகள் பேசிவைத்தார்கள்: ஒருவர் மட்டும் கேட்பது, பிறகு சரக்கைப் பகிர்ந்துகொள்வது. எடுத்தவர் சொன்னபடி பகிரவில்லை. மற்றவர் நேராக நீதிமன்றத்துக்குப் போனார்! 1921-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. மூன்று நீதிபதிகளில் ஸ்க்ரட்டன் மட்டும் இது பொதுநலனுக்கு விரோதம் என்று மாறுபட்டார். ராலிங்ஸ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பார்கள். மாறுபட்டு எழுதிய அந்த ஒருவரின் பக்கம்தான் பிறகு நாடே வந்து சேர்ந்தது என்பதால் எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் தனிப் பிரியம்.

1927-இல் ஏலக் கேட்பு ஒப்பந்தங்களுக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒரு வியாபாரி, ஏலத்தில் கேட்காமல் இருப்பதற்காக இன்னொருவருக்குப் பணமோ வேறு எதுவோ கொடுத்தால் குற்றம், வாங்குவதும் குற்றம். இரண்டு பேர் உண்மையாகவே கூட்டாக வாங்க விரும்பினால், அந்த ஒப்பந்தத்தின் நகலை ஏலத்துக்கு முன்பே ஏலம் விடுபவரிடம் கொடுத்துவிட வேண்டும். 1969-இல் தண்டனையைக் கூட்டி, விற்றவர் அந்த விற்பனையையே செல்லாததாக்கிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தார்கள்.

அந்தச் சட்டம் எதைப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். வெறுமனே மௌனமாக நிற்பதைப் பிடிக்கவில்லை, மௌனத்துக்குக் கைமாறும் கூலியைப் பிடிக்கிறது. டீ கிளாஸுக்கு அடியில் இருந்த துண்டுகளும் பெஞ்சில் எண்ணிய பணமும்தான் சாட்சி.

பருத்திக்காடு:

நான் டெல்டாக்காரன். வெளிநாட்டுக் கதை இருக்கட்டும், என் சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தியை மறைமுக ஏலத்தில்தான் விற்கிறோம். குவியல் குவியலாகத் தரையில் கொட்டி வைத்திருப்போம். வியாபாரிகள் வந்து பஞ்சைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு குவியலுக்கும் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். யார் என்ன எழுதினார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாது என்றுதான் அந்த முறையையே வைத்திருக்கிறார்கள். இருந்தும் போன பருவத்தில் ஒரு வாரம் முழுக்க எல்லாக் குவியலுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. அடுத்த வாரம் வெளியூர் மில்காரர் ஒருவர் வந்தார், குவிண்டாலுக்கு 700 ரூபாய் ஏறிவிட்டது. பஞ்சு அதே பஞ்சு.

மறைமுகமாக எழுதும்போதும் எப்படிக் கூட்டுச் சேர முடிகிறது?

நெய்தல்:

அண்ணா, நீங்கள் கேட்டதுதான் இந்தத் துறையின் நடுநாயகமான கேள்வி. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பகிரங்க ஏலம். கூட்டில் ஒருவர் மட்டும் கேட்கிறார். திடீரென்று கூட்டாளி ஒருவர் துரோகம் செய்து கையைத் தூக்கினால் என்ன ஆகும்? எல்லோர் கண்முன்னும் நடப்பதால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். கூட்டின் ஆள் உடனே மேலே கேட்பார், விலை ஏறும், துரோகிக்கு ஒன்றும் மிஞ்சாது, பங்கும் போச்சு. அதனால் யாரும் துரோகம் செய்வதில்லை. சத்தமாகக் கேட்கும் ஏலமே கூட்டுக்குக் காவல்காரனாக இருக்கிறது.

மறைமுக ஏலத்தில் இது தலைகீழ். கூட்டு பலன் தர வேண்டுமென்றால், நியமிக்கப்பட்டவர் குறைந்த விலை எழுத வேண்டும். அது என்ன விலை என்று கூட்டாளிகளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு ரூபாய் எழுதிப் பெட்டியில் போட்டால் குவியல் துரோகியின் கைக்கு வந்துவிடும். பெட்டியைத் திறக்கும் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரே ஒரு முறை நடக்கும் விற்பனையில், கூட்டை உடைக்க மறைமுக ஏலமே நல்ல ஆயுதம்.

உங்கள் விற்பனைக்கூடத்தில் ஏன் வேலை செய்யவில்லை? ஏனென்றால் அதே ஐந்தாறு பேர் வாராவாரம் வருகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் யார் எழுதியது ஜெயித்தது என்று தெரிந்துவிடுகிறது. இந்த வாரம் துரோகம் செய்தவரை அடுத்த வாரம் மற்றவர்கள் சேர்ந்து விலை ஏற்றி வாங்க விடாமல் செய்யலாம். அந்தப் பயமே போதும். புது ஆள் ஒருவர் வந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், நீங்களே பார்த்தீர்கள். அவருக்கு இந்த ஐவரிடம் பயப்பட ஒன்றுமில்லை. 2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையின் நோக்கமும் வெளியூர் ஆளை உங்கள் குவியலுக்குக் கொண்டுவருவதுதான். அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, ஒரே விலை. மெக்காஃபி, மெக்மிலன் என்ற இருவர் 1992-இல் ஏலக் கூட்டுகளை இரண்டாகப் பிரித்தார்கள். தங்களுக்குள் பணம் மாற்றிக்கொள்ள முடிந்த கூட்டு வலுவானது. மாட்டிக்கொள்ளும் பயத்தால் பணம் மாற்ற முடியாத கூட்டு பலவீனமானது. வலுவான கூட்டு நாக்அவுட் வைக்கும், யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குப் பொருள் போகும். பலவீனமான கூட்டால் நாக்அவுட் வைக்க முடியாது. அப்போது எல்லோரும் ஒரே விலை எழுதிவிட்டு, யாருக்குக் கிடைக்கிறதோ கிடைக்கட்டும் என்று விடுவதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. எல்லாக் குவியலுக்கும் ஒரே விலை என்றால், உங்கள் ஊர்க் கூட்டில் பணம் கைமாறவில்லை, பேச்சு மட்டும்தான் என்று ஊகிக்கலாம்.

அலமேலு (வழக்கறிஞர்):

ஒரே விலைக்கு நம் நாட்டிலேயே பெரிய வழக்கு இருக்கிறது. தானியக் கிடங்குகளில் பூச்சி விழாமல் இருக்கப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. 2009-இல் இந்திய உணவுக் கழகம் கேட்ட டெண்டரில் மூன்று நிறுவனங்கள் கிலோ 388 ரூபாய் என்று ஒரே விலை எழுதின. உற்பத்திச் செலவு மூன்றுக்கும் வேறுவேறு, எழுதிய விலை மட்டும் ஒன்று. போட்டி ஆணையம் 2012-இல் அபராதம் விதித்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் கூட்டுச் சேர்ந்ததை உறுதி செய்தது. அபராதத்தை மொத்த விற்றுமுதலில் கணக்கிடக் கூடாது, சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலில்தான் கணக்கிட வேண்டும் என்றும் அன்றைய சட்டப்படி சொன்னது.

போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3(3)(d) இதைத்தான் தடுக்கிறது: ஏலத்திலும் டெண்டரிலும் போட்டியைக் குறைக்கும் எந்த உடன்பாடும். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உடன்பாடு என்றில்லை. வாய்ப்பேச்சும் கண்ஜாடையும் அதில் அடங்கும். பருத்திக்காடு அண்ணா, விலை பிடிக்கவில்லை என்றால் குவியலை விற்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த வாரத்து விலைப்பட்டியலின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது புகார் கொடுப்பதென்றால் அதுதான் கைவசம் இருக்கும் காகிதம்.

பருத்திக்காடு:

மறுக்கலாம் அக்கா. குவியலைத் திரும்ப ஏற்றிப் போக வண்டி வாடகை, அதற்குள் மழை வந்தால் பஞ்சு நிறம் மாறிவிடும். உரிமை இருக்கிறது, நேரம் இல்லை. வாங்குகிறவருக்கு அது தெரியும்.

பட்டியல் நகல் வாங்கச் சொன்னது நல்ல யோசனை. இதுவரை யாரும் வாங்கியதில்லை. வரும் பருவத்தில் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்தக் கூட்டுகள் விற்றவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, தங்கள் ஆட்களையே ஏமாற்றும்.

1919-இல் இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் ரக்ஸ்லி லாட்ஜ் என்ற மாளிகையின் நூலகம் ஏலத்துக்கு வந்தது. பழைய புத்தக வியாபாரிகள் பெருங்கூட்டமாகக் கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். பிறகு நாக்அவுட். முதல் சுற்றில் சின்னக் கடைக்காரர்களுக்குச் சிறு தொகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போனபின் பெரிய வியாபாரிகள் மட்டும் உட்கார்ந்து அதே புத்தகங்களுக்கு அடுத்த சுற்று. அதற்குப் பிறகு இன்னும் சிலரைக் கழித்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறியது. முதல் சுற்றோடு போனவருக்கு, தான் விட்டுக்கொடுத்த புத்தகம் கடைசியில் என்ன விலைக்குப் போனது என்றே தெரியாது. பகிரங்க ஏலத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த தொகையைப் போலப் பல மடங்கு உள்ளே சுற்றி வந்தது.

நாக்அவுட்டுக்குள் நாக்அவுட். தேன்மொழி அம்மா, நீங்கள் எடுக்கும் சொல் இதையும் தாங்க வேண்டும்.

நெய்தல்:

ஐயா, ஒரே ஓர் இடத்தில் உங்களோடு மாறுபடுகிறேன், மன்னிக்கவும். முதலில் நீங்கள் போட்ட விளக்குக் கணக்கைப் படிப்பவர்கள், 30,000-மும் விற்றவரின் நஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது அப்படியே சரியில்லை.

நேர்மையான ஏலம் நடந்திருந்தால் விலை, இரண்டாவது அதிகம் தரத் தயாராக இருந்தவரின் அளவைச் சற்றுத் தாண்டியதும் நின்றிருக்கும். அவருக்கு 60,000 தான் மதிப்பு என்றால் விற்றவருக்கு 60,000-த்தை ஒட்டிக் கிடைத்திருக்கும். உள்ளே ஏன் 70,000 வரை போனது? விலை ஏற ஏறத் தன் பங்கும் ஏறும் என்று தெரிந்து, விளக்கு வேண்டாதவர்களும் சேர்ந்து ஏற்றிவிடுகிறார்கள். அஞ்சல்தலைக் கூட்டத்தில் ஆஸ்கர் கண்டதும் இதுதான். உள்ளே உயர்த்தி எழுதினார்கள். அந்த உயர்ந்த தொகை வரைக்கும் வெளி ஏலத்தில் கேட்க வேண்டியிருந்தது. சில லாட்டுகளில் இதனால் விற்றவர்களுக்கு நியாய விலையைவிட அதிகமே கிடைத்தது. அங்கே அடிபட்டது கூட்டில் இல்லாத மற்ற வாங்குபவர்கள்.

கணக்குப்பிள்ளை:

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி, சரியான திருத்தம். வித்தியாசத் தொகை மேல் வரம்பு, நஷ்டம் அதற்குள் எங்கோ இருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த விளைவு, உள்ளே முதலில் எழுதிவிட்டு வெளியே பிறகு கேட்கும் முறையில்தான் விற்றவருக்கு உதவும். புளியமரத்தில் 41,000 முடிந்து போன பிறகுதான் அட்டையில் எழுதினார்கள். உள்ளே எவ்வளவு ஏறினாலும் ஊருக்கு ஒரு பைசா கூடாது.

நெய்தல்:

ஆமாம் ஐயா, அதை ஒப்புக்கொள்கிறேன். வரிசை மாறினால் யாருக்கு அடி என்பதும் மாறுகிறது.

அண்மைக்காலத்துப் பெரிய வழக்கும் 'வெளியே முதலில், உள்ளே பிறகு' வகைதான். கலிபோர்னியாவின் வடபகுதியில், 2008 நெருக்கடிக்குப் பின் கடன் கட்ட முடியாத வீடுகளை நீதிமன்றப் படிக்கட்டிலேயே ஏலம் விட்டார்கள். ஏலம் முடிந்ததும் அதே வளாகத்தில், சில சமயம் அதே படிக்கட்டில், முதலீட்டாளர்கள் தங்களுக்குள் இரண்டாவது ஏலம் வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரவுண்ட்'. 2011 தொடக்கம் வரை நடந்தது. 60 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். சரியான விலைக்குப் போயிருந்தால் அந்தப் பணம் கடன் கொடுத்தவருக்கும், சில வீடுகளில் கடன் போக மீதி, வீட்டை இழந்த குடும்பத்துக்கும் போயிருக்கும்.

தேன்மொழி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். 'உள் ஏலம்' என்று முடிவு செய்திருக்கிறேன்.

முன்பா பின்பா என்று அது சொல்லவில்லை, அதனால் புளியமரத்துக்கும் பொருந்துகிறது, அஞ்சல்தலைக்கும் பொருந்துகிறது. அலமேலு அக்கா சொன்ன மறு ஏலத்தோடு மோதவில்லை. 1921-இல் சட்டப்படி செல்லும் என்றிருந்த காலத்துக்கும் பொருந்தும். ரக்ஸ்லி லாட்ஜுக்கு 'உள் ஏலத்துக்குள் இன்னோர் உள் ஏலம்' என்று எழுத முடிகிறது. மறைமுக ஏலத்திலிருந்தும் இதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று பருத்திக்காடு அண்ணா எழுதியதைப் படித்தபோதுதான் உறைத்தது. மறைமுக ஏலத்தில் விலை மட்டும் மறைவு, ஏலம் நடப்பது விற்பவருக்குத் தெரியும். உள் ஏலத்தில் ஏலம் நடப்பதே விற்பவருக்குத் தெரியாது.

பத்தி இப்படி வந்திருக்கிறது:

"கூட்டில் இருந்த வியாபாரிகள் ஒவ்வோர் ஏலத்துக்கும் முன் தங்களுக்குள் ஓர் உள் ஏலம் நடத்தினர். அதில் அதிகத் தொகை எழுதியவருக்காகவே கூட்டின் ஆள் பொது ஏலத்தில் கேட்டார். பொருள் அதற்குக் கீழே கிடைத்தால், வித்தியாசத்தில் ஒரு பகுதி, ஏல விலைக்கு மேல் எழுதியிருந்தும் விட்டுக்கொடுத்த மற்றவர்களுக்குச் சீட்டுக் கழிவு போலப் பிரிந்தது."

முதல் இடத்தில் மட்டும் 'நாக்அவுட் எனப்படும் உள் ஏலம்' என்று போட்டுவிடுகிறேன்.

வசந்தா:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளம்மா. எங்கள் சீட்டு நேர்மையான சீட்டு என்று ஒரு வரி இருந்தால் இன்னும் சந்தோஷம்.

தேன்மொழி:

சேர்த்துவிட்டேன் அக்கா. "சீட்டில் பிரிவது உறுப்பினர்களின் சொந்தப் பணம், அவர்கள் கண்ணெதிரே" என்று கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதை அடுத்த வரியாக வைத்திருக்கிறேன்.

சிறுமலை:

தாமதமாக வருகிறேன். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நேற்று இதையெல்லாம் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

நான் அன்றைக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அடுத்த வருடம் அப்பா என்ன செய்தார் என்பது. மரங்களை மொத்தமாக விடாமல் கிழக்குக் கரை, மேற்குக் கரை, மடைப்பக்கம் என்று மூன்றாகப் பிரித்தார். வாய் ஏலத்தை நிறுத்திவிட்டுச் சீட்டு எழுதிப் போடச் சொன்னார். ஊர்க்காரர்களும் ஒரு கரையைச் சேர்ந்து கேட்கலாம் என்று டேவணியைக் குறைத்தார். அந்த நால்வரில் இரண்டு பேர் வரவில்லை. மடைப்பக்கத்து மரங்களை எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து எடுத்தார்கள், அம்மாவும் அதில் ஒருத்தி. மூன்றும் சேர்ந்து 63,500 வந்தது.

நெய்தல் தம்பி எழுதிய 'ஒரு ரூபாய் கூட்டி எழுதினால்' என்ற இடத்தை அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை. மடைக் கதவு அந்த வருடம்தான் மாற்றினார்கள். இப்போதும் அதே கதவுதான், போன மாதம் கிரீஸ் போட்டார்கள்.